பிரித்த வீட்டின் நிலைக்கதவு

அன்புள்ள ஐயா,

காரைக்குடிக்குப் பக்கத்தில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டை, ஓவிய மாணவர்கள் பத்துப் பேர் தங்கி வரையத் தந்திருக்கிறார்கள். எல்லாமே பழைய பொருளாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண்களும் ஒரு நிலைக்கதவும் பார்த்து வைத்திருக்கிறேன். சுவருக்கு வெள்ளை எமல்ஷன் அடித்தால் படங்கள் எடுப்பாகத் தெரியும். வயரிங் எப்படிச் செய்வது?

ம.

அன்புள்ள ம.,

வயரிங்கை விவரமான எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. எமல்ஷன் அடித்தால் உள்ளீரம் வெளியேற வழியின்றிப் பாளம் பாளமாக உரியும். ஆணியும் வேண்டாம். உத்தரத்தில் விளக்குக் கொக்கிகள் இருக்கும், கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிடுங்கள்.

ஆனால் அந்த நிலைக்கதவு! அது எப்படி அந்தத் தெருவுக்கு வந்தது என்று யோசித்தீர்களா?

எனக்குப் பதினொரு வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்து விற்றார்கள். பங்காளிகள் இருபது பேருக்கு மேல். ஓடு மாற்றக்கூட எல்லார் கையெழுத்தும் சேரவில்லை. முதலில் நிலைக்கதவு போனது, பிறகு பர்மாத் தேக்குத் தூண்கள், கடைசியில் ஆத்தங்குடிக் கல். அந்த வீட்டு ஆச்சி எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடம் கழித்து ஒரு விடுதி வரவேற்பறையில் அந்த நிலையைக் கண்டேன். எதற்கும் வாசலாக இல்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றது. நான் ஆணியால் கீறிய மயில் அதன் சட்டத்தில் அப்படியே இருந்தது.

2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பிரிப்பது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கடைக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் வாங்காவிட்டால் பாதி விறகாகிவிடும். ஆனால் தூணோடு நிற்கிற வீட்டுக்குள் இன்னொரு வீட்டுத் தூண் எதற்கு ஐயா? அலங்காரத்துக்குத்தானே? வரையக் கற்றுக்கொடுக்கிற உங்களுக்கு இது தோன்ற வேண்டாமா?

உங்களுக்கு வேண்டியது அந்த வீட்டிலேயே கிடக்கும். கணக்குப்பிள்ளை தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டியைத் தேடுங்கள். சம்மணம் போட்டு வரைகிற பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான மேசை கிடையாது. நான் முதலில் வரைந்தது அப்படி ஒன்றின் மேல்தான், மூடியைத் திறந்தால் பழைய மைவாசனை வரும். விருந்துக்கு விரித்த பந்திப்பாயை உட்கார விரியுங்கள். தூரிகை கழுவப் பீங்கான், எனாமல் என்று கிடக்கும் மங்குச் சாமான், காகிதச் சுருளுக்குப் பெட்டகம். வளவின், அதாவது நடுமுற்றத்தின், தென்புறத் தாழ்வாரம் வடக்கைப் பார்த்திருக்கும். வருடத்தின் பெரும்பகுதி அங்கே நேர்வெயில் விழாது, வெளிச்சம் நிதானமாக நிற்கும். பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். பாய் கறைபடட்டும், மங்கு உதிரட்டும். புழங்கத்தான் அவற்றை வாங்கினார்கள்.

இந்த வாரம் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கட்டின் சாமான் அறையைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள். கதவுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.