வேக வரம்பு மணிக்கு 16 கி.மீ. உள்ள ஏரியில் சிறிய மோட்டார் படகை ப்ளேன் ஆக்க (தண்ணீர் மேல் எழும்பிச் சறுக்கிப் போக வைக்க) முடியுமா?

கேட்டவர் தந்த விவரம்: 3.6 மீட்டர் படகு, 10 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார்), பெரும்பாலும் இரண்டு பேர். வரம்புக்குள் ஓட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, பின்பக்கம் தண்ணீரில் புதைகிறது.

முடியும், ஆனால் நூலிழையில்தான். பெரிய மோட்டார் வாங்கலாம் என்று நினைத்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பஞ்சம் சக்தியில் இல்லை, எடை உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த 16 என்ற எண் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் படகு தானே ஓர் அலையை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையும் படகும் ஒரே நீளம் ஆகும் வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு: தண்ணீரில் படும் நீளத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். உங்கள் படகுக்குச் சுமார் 8.5. அதைத் தாண்டினால் படகின் வால் தன் சொந்த அலையின் பள்ளத்தில் இறங்கும், மூக்கு முகட்டில் ஏறும். அதாவது தானே எழுப்பிய மேட்டில் தானே ஏற முயல்கிறது. இந்த அளவுப் படகுக்கு அந்த மேடு மிகச் செங்குத்தாக இருப்பது 10, 11 கி.மீ. பக்கத்தில்.

ஆகவே உங்கள் வரம்பு 10 கி.மீ. ஆக இருந்திருந்தால், 'ஆசையை விடுங்கள், 7 கி.மீ.யில் நிம்மதியாகப் போங்கள்' என்று சொல்லி முடித்திருப்பேன். அந்த வேகத்தில் எந்தத் தந்திரமும் எடுபடாது. 16 என்பது மேட்டைத் தாண்டிய இடம். இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் 2005 முதல் வரம்பு 10 நாட், அதாவது 18.5 கி.மீ. அந்த இரண்டரை கி.மீ. கூடுதலாகக் கிடைத்திருந்தால் உங்கள் வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும். (உங்கள் ஏரிப் பலகையில் போட்டிருப்பது கி.மீ.யா, மைலா, நாட்டா என்று இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். நான் ஒரு பருவம் முழுக்க நாட் கணக்கைக் கி.மீ. என்று நினைத்து ஊர்ந்துகொண்டிருந்தேன்.)

ப்ளேன் ஆவது என்றால் ஓட்டாஞ்சில்லைத் தண்ணீரில் தவளை விடுவது போலத்தான். அடிப்பாகம் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் படகை மேலே தள்ளுகிறது. அந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய விடை: வேகத்தைக் கூட்ட அனுமதி இல்லை, ஆகவே எடை குறைய வேண்டும், அல்லது அடிப்பாகம் அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். கடல் அலைக்காகச் செய்த ஆழமான V வடிவ அடிப்பாகம் இங்கே வீண். ஏற்கனவே வாங்கிய படகின் வடிவத்தை மாற்ற முடியாது, அதனால் எடைக்கு வருகிறேன்.

என் படகு 3.4 மீட்டர் ரப்பர் படகு, தட்டைத் தரை. தனியாக ஓட்டும்போது பின்னால் ட்யூப் மேல் உட்கார்ந்து டில்லரை (மோட்டாரைத் திருப்பும் கைப்பிடியை) பிடிப்பேன். மோட்டார், பெட்ரோல் டேங்க், நான் மூன்றும் ஒரே மூலையில். எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது. சலித்துப்போய் மோட்டாரின் அடியில், புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டில் மாட்டும் ஹைட்ரோஃபாயில் (பின்பக்கத்தைத் தூக்கும் சிறு இறக்கை) ஒன்று வாங்கினேன். கொஞ்சம் உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் படகின் குணத்தையே மாற்றியது வேறொன்று: டில்லருக்கு ஒரு நீட்டுப்பிடி. அதைப் போட்டுவிட்டு நடுப் பலகையில் உட்கார்ந்தேன், டேங்கை முன்னால் தள்ளினேன். முன்பு 20ஐத் தாண்டினால்தான் எழும்பிய படகு 16, 17இலேயே மூக்கைத் தாழ்த்தியது. நீட்டுப்பிடி போட்டால் கில் ஸ்விட்ச் கயிற்றை (நீங்கள் விழுந்தால் இழுபட்டு மோட்டாரை நிறுத்தும் கயிறு) உடம்பில் கட்டாமல் கிளம்பாதீர்கள். அது இல்லாமல் நடுவில் இருந்து தவறி விழுந்தால் படகு உங்களை விட்டுவிட்டுத் தானே சுற்ற ஆரம்பிக்கும்.

இரண்டு பேர் என்றால் இன்னும் சுலபம், மற்றவரை முன்பலகைக்கு அனுப்புங்கள். அணியத்தின் (படகின் மூக்குப் பகுதியின்) நுனியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது மட்டும் கூடாது.

அடுத்து தேவையில்லாத சுமை. தரைப்பலகைக்கு அடியில் தேங்கிய 20 லிட்டர் தண்ணீர் என்பது 20 கிலோ, அதுவும் மூக்கு தூக்கியதும் நேராகப் பின்னால் ஓடி உட்காரும். ஓரிரு மணி நேரச் சுற்றுக்கு டேங்க் நிறைய வேண்டியதில்லை. நங்கூரம் அணியத்தில் இருக்கட்டும், அங்கே அது உங்கள் பக்கம் வேலை செய்கிறது. ரப்பர் படகு என்றால் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். தொளதொளப்பான படகு நடுவில் மடிந்து, எல்லா முயற்சியையும் விழுங்கிவிடும்.

மோட்டார் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சாய்வு ஊசியைப் படகுக்கு அருகில் உள்ள துளைக்கு மாற்றிப் பாருங்கள். உந்துவிசை பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி மூக்கை அழுத்தும். அளவுக்கு மீறினால் அணியம் தண்ணீரைக் குத்தும், திருப்பும்போது அலைபாயும். அப்படியானால் ஒரு துளை பின்னால் வாருங்கள். புரொப்பெல்லரில் ஒரு படி குறைந்த பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேறும் தூரம்) போட்டால் மேடு ஏறும்போது மோட்டார் திணறாது. உச்ச வேகம் குறையும், ஆனால் அதைத்தான் நீங்கள் எப்படியும் தொடப் போவதில்லையே.

ஓட்டும் முறையிலும் ஒரு விஷயம். மேட்டை ஏறத்தான் அதிக த்ராட்டில் (வேகக் கட்டுப்பாட்டுப் பிடியைத் திருப்பும் அளவு) வேண்டும், ஏறிய பின் அதே நிலையில் நிற்கக் குறைவாகவே போதும். ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். உறுதியாக ஒரு முறை கொடுங்கள், மூக்கு தாழத் தொடங்கிய கணமே பின்வாங்குங்கள். தாமதித்தால் ஜிபிஎஸ் 20ஐக் காட்டும், அது வரம்பு மீறல்தான், "ஒரு நொடிதான்" என்பது செல்லாது. ஏறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் திரும்பிப் பாருங்கள். பின்பலகையை விட்டுத் தண்ணீர் சுத்தமாகப் பிரிந்து, தடம் தட்டையாகிவிட்டால் ஏறியாயிற்று.

இதையெல்லாம் செய்தும் இரண்டு பேரோடு 16இல் எழும்பவில்லை என்றால், 12, 13இல் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழாதீர்கள். பல ஏரிகளில் வேக வரம்பு வந்ததற்குக் கரையை அறுக்கும் அலையும் ஒரு காரணம். படகு மிகப் பெரிய அலையைக் கிளப்புவது பாதி எழும்பிய அந்த நிலையில்தான். பெட்ரோலும் அங்கேதான் அதிகம் குடிக்கும். 8க்குக் கீழே இறக்கி ஓட்டுங்கள், தனியாகப் போகும் நாளில் மறுபடி முயலுங்கள்.