டூரிங் டாக்கீஸில் ஏன் மூன்று இடைவேளை?

தருமபுரியில் பழைய கடைகளையும் கொட்டகைகளையும் பற்றிப் பேச்செடுத்தால், "டூரிங் டாக்கீஸில் மூன்று இடைவேளை விடுவார்கள்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது ஏன் என்பதுதான் கேள்வி.

டூரிங் டாக்கீஸ் என்பது தற்காலிக உரிமத்தில் நடந்த சினிமாக் கீற்றுக் கொட்டகை. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கும். 1,000 அடிப் படச்சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். பெரிய சக்கரத்தில் சேர்த்துச் சுற்றினாலும் முழுப்படமும் அதில் அடங்காது. தீர்ந்ததும் நிறுத்திவிட்டுத்தான் அடுத்ததை மாட்ட வேண்டும்; அந்த நிறுத்தங்கள்தான் இடைவேளைகள். ஒற்றை அடுப்பு வீட்டில் சோற்றை இறக்கிய பிறகுதானே குழம்பு ஏறும், அப்படித்தான். அந்நாளில் நிரந்தரத் தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர்கள் இருந்தன. ஒன்று முடிய மற்றொன்று தொடங்கிவிடும்.

அந்தச் சிறு நிறுத்தத்தில்தான் எத்தனை கலகலப்பு! விளக்கு எரிந்ததும் வறுத்த வேர்க்கடலைக் கூடை வரும். காகிதப் பொட்டலம் உள்ளங்கையைச் சுடும். தரை டிக்கெட் பிள்ளைகள், முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் கூட்டி மேடாக்கிக்கொள்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

'டூரிங்' என்பதால் சர்க்கஸ் போல ஊர் ஊராக அலைந்துகொண்டே இருந்தது என்று நினைக்க வேண்டாம். பல கொட்டகைகள் உரிமத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றன.