பின்விளக்கை நாமே மாற்றலாமா?

கேள்வி: ஈரோட்டு மண்டிக்கு மஞ்சள் ஏற்றிச் செல்லும் எங்கள் மினிவேனில், ஒரு பக்கம் பிரேக் விளக்கு எரிகிறது, ஆனால் இரவு விளக்கு எரியவில்லை. நானே சரிசெய்யலாமா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். பல வேன்களில் ஒரே பல்புக்குள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருப்பதால், இரவு விளக்குக்கான சிறியது அறுந்த பிறகும் பிரேக்குக்கான பெரியது எரிந்துகொண்டிருக்கும். விளக்கை அணைத்து, பல்பு ஆறியதும் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பல்பை உள்ளே அழுத்தியவாறே இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். புதிய பல்பின் பக்கவாட்டில் துருத்தியிருக்கும் இரு சிறு முனைகளும் வெவ்வேறு உயரத்தில் அமைந்திருப்பதால், அது பொருந்தாவிட்டால் வலிந்து திணிக்காமல் அரைச்சுற்று மாற்றி வைத்துப் பாருங்கள். ஹோல்டர் களிம்பேறியிருந்தால், உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள்.