ஓடுபாதை ஓரத்து வானிலைக் கருவிகள்: நம் கடற்கரை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

விமான தளங்களில் வானிலையைத் தானாக அளக்கும் கருவிகளைப் பராமரித்தவன் என்பதால் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உச்சிப்புளியிலிருந்து: காற்றுமானியை ஏன் சார் அவ்வளவு உயரத்தில் வைக்கிறார்கள்?

10 மீட்டர் உயரம் என்பது உலகம் முழுக்க ஒரே விதி. அதற்குக் கீழே கருவேலமும் கட்டடமும் காற்றைக் கலைத்துவிடும். இறங்கும் விமானிக்குச் சொல்வது கடைசி 2 நிமிடச் சராசரி. மற்ற ஊர்களுக்குப் போகும் அறிக்கையில் 10 நிமிடச் சராசரி.

பாம்பனிலிருந்து: பாலத்திலும் காற்றுமானி உண்டே, அதே வேலைதானா?

2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிற்கும்வரை, பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அங்கே வேகம்தான் முக்கியமாக இருந்தது. விமானத்துக்குத் திசையும் வேண்டும். எதிரே வரும் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) காற்று இறங்குவதற்கு உதவும். அதே காற்று பக்கவாட்டில் அடித்தால் சிறிய விமானம் திண்டாடிவிடும்.

கீழக்கரையிலிருந்து: ஜன்னல் கம்பியே இற்றுப்போகிற உப்புக்காற்றில் கருவி எப்படி அண்ணே தாங்கும்?

நல்ல கேள்வி தம்பி. இரும்பை விடக் கண்ணாடிதான் எனக்குக் கவலை. பார்வைத் தூரத்தை அளக்க இரண்டு வகைக் கருவி உண்டு. ஒன்றில், ஒரு கம்பத்திலிருந்து விடும் ஒளி எதிர்க் கம்பத்தை எவ்வளவு எட்டுகிறது என்று பார்ப்பார்கள். கண்ணாடியில் உப்பு படிந்தால் ஒளி குறையும். வானம் தெளிவாக இருக்கும்போதே மூடுபனி என்று காட்டும். இன்னொரு வகை, காற்றிலுள்ள துளிகள் சிதறடிக்கும் ஒளியை அளக்கிறது. இதில் உப்பு படிந்தால் நேர்மாறு. சிதறல் குறைவாகத் தெரிவதால் பார்வைத் தூரம் உள்ளதைவிட அதிகமாக வரும். இதுதான் ஆபத்து, விமானி அதை நம்பி இறங்குவார். அழுக்கை உணர்ந்து எச்சரிக்கும் வசதி கருவியிலேயே இருக்கிறது. ஆனாலும் துணியும் சுத்தமான தண்ணீருமாக ஆள் போய்த் துடைத்தே ஆக வேண்டும். சிலந்தி வலையையும் பார்க்கணும்.

மண்டபத்திலிருந்து: காற்றழுத்தம் விமானத்துக்கு எதற்கு?

உயரமானியே அதை வைத்துத்தான் ஓடுகிறது. காற்றழுத்தத்தை ஹெக்டாபாஸ்கல் என்ற அலகில் அளப்போம்; அது 1 பிசகினால் உயரம் சுமார் 28 அடி பிசகும்.

தொண்டியிலிருந்து: அப்படியானால் வானிலை பார்க்க இனி ஆளே வேண்டாமா?

வேண்டும். மேக உயரம் அளக்கும் லேசர் தன் தலைக்கு நேர் மேலே மட்டுமே பார்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மேல் திரளும் இடிமேகம் தலைக்கு மேல் வரும்வரை அதற்குத் தெரியாது. தூரத்து மேகத்தை ரேடார் காட்டும். ரேடார் எட்டாத தளத்தில், வெளியே வந்து கிழக்கே பார்க்கிற ஆள்தான் முதலில் சொல்ல முடியும்.