உருக்கியதும் சாகும் செல்கள்

கேள்வி: சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து உறையவைக்கிறேன். எம்.எல்.ஆர். சோதனைக்கு (இருவரின் வெள்ளை அணுக்களைக் கலந்து எதிர்வினை பார்ப்பது) உருக்கினால் பாதி செத்துக் கிடக்கின்றன. உறையும்போது செல்களைக் காக்கும் டி.எம்.எஸ்.ஓ. திரவத்தின் பாட்டிலை மாற்றியும் பலனில்லை. எங்கே கோளாறு?
– போஸ்ட்டாக் ஆய்வாளர், மாட்டுங்கா, மும்பை

பதில்: டி.எம்.எஸ்.ஓ.வை விடுங்கள். ரத்தம் எடுத்து எவ்வளவு நேரம் கழித்து உங்கள் கைக்கு வருகிறது? காலையில் எடுத்த குழாய் ஐஸ் பெட்டியில் சுற்றிவிட்டு மாலையில் வந்தால், சேதம் வழியிலேயே ஆரம்பித்துவிடும். நேரம் ஆக ஆக நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களின் அடர்த்தி குறையும். அடியில் இறங்க வேண்டிய அவை, உங்களுக்கு வேண்டிய லிம்ஃபோசைட் அடுக்கிலேயே தங்கி, டி செல்களையும் (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) மந்தமாக்கும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் குழாயில் வாங்கி, 18–25 டிகிரியில் வைத்து, 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். மும்பை வெயிலுக்குப் பயந்து ஐஸ் போடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் தப்பு.

ஃபைகாலையும் (அணுக்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் திரவம்) ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். 1.077 என்ற அடர்த்தி 20 டிகிரிக்கான கணக்கு. குளிர்ந்தால் அடர்த்தி கூடி, சிவப்பணுக்கள் சரியாக இறங்காது. சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜி (புவியீர்ப்பைப் போல் 400 மடங்கு விசை), 30 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றுங்கள். கடைசிக் கழுவலை 200 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றினால் பிளேட்லெட்டுகள் மேலே நின்றுவிடும்.

உறையவைக்க மில்லிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி செல்கள், 10% டி.எம்.எஸ்.ஓ., நிமிடத்துக்கு 1 டிகிரி குளிர்ச்சி. மறுநாளே திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். மைனஸ் 80-இல் வாரக்கணக்கில் கிடந்தால் வீண். உருக்கும்போது சிறு ஐஸ் துணுக்கு மிச்சமிருக்கையிலேயே எடுத்து, வெதுவெதுப்பான மீடியத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஆஸ்மாடிக் அழுத்தத்தில் (நீர் உள்ளே பாய்ந்து) செல் வெடிக்கும். இரவு முழுக்க இன்குபேட்டரில் விட்டு மறுபடி எண்ணுங்கள்: அப்போப்டோசிஸ் (செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வது) தாமதமாகவே தெரியும்.

ஒன்று கவனியுங்கள். ஏ.டி.ஜி. (டி செல்களை அழித்து நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து) பெற்ற நோயாளிகளுக்கு லிம்ஃபோசைட்டுகள் மாதக்கணக்கில் குறைவாகவே இருக்கும். அவர்களிடம் செல் குறைவாகக் கிடைத்தால் அது உங்கள் கைப்பிசகல்ல.

கேள்வி: சிறுநீரகம் மாற்றிக்கொண்ட என் மாமாவுக்குப் புற்றுநோய். நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்து கொடுக்கலாமா?
– வாசகி, செம்பூர்

பதில்: கொடுக்கப்படுவதுண்டு, ஆபத்தும் பெரிது. இந்த மருந்து பி.டி.-1 என்ற புரதத்தைத் தடுத்து, டி செல்களின் கடிவாளத்தை அவிழ்க்கிறது. அவை கட்டியைத் தாக்கும்போது மாற்றிய சிறுநீரகத்தையும் விடாது. வெளியான ஆய்வுத் தொகுப்புகளில் ஏறக்குறைய 40% பேருக்கு நிராகரிப்பு வந்திருக்கிறது. நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸை நீங்களாக நிறுத்த வேண்டாம். புற்றுநோய் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து முடிவெடுக்கட்டும். தொடங்கினால் முதல் சில வாரங்களில் சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.