ஜனவரியில் ஊட்டிக்காரருக்குப் பாண்டிச்சேரி ஏன்?

வெயிலுக்குத்தான். வேற ரகசியம் இல்லைங்க. 'ஊரே ஊட்டிக்கு வருது, எங்க மாமனார் மட்டும் ஜனவரியில பாண்டிச்சேரின்னு அடம்பிடிக்கிறார்'னு கேட்டிருக்கீங்க. ஊட்டியில காந்தல் பக்கம் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். பாண்டிச்சேரியில ராத்திரியிலும் 20 டிகிரியை ஒட்டித்தான்.

முழங்கால் வலியும் இருக்கலாம். நம்ம ஊர்ல பால் வாங்கவே மேடு ஏறணும். அங்கே கடற்கரைச் சாலை ஒரே சமதளம், சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டியும் கிடையாது. காத்து வாங்கிட்டே நடக்கலாம்.

சந்தேகமா? ஒருநாள் மேட்டுப்பாளையம் கூட்டிட்டு இறங்குங்க. அங்கேயே முகம் தெளிஞ்சா காரணம் குளிர்தான்.

டிசம்பர் பாதிவரை மழை இருக்கும், பொங்கலுக்கு அப்புறம் போங்க. ஸ்வெட்டர் வேண்டாம்னுதான் சொல்வார், பஸ்ஸுக்கு எடுத்துக்கங்க. கரையில பாறைங்க வழுக்கும், இறங்க விடாதீங்க.