கேள்வி நேரம்: அரசறிவியல் மாணவர் பக்கம்

கேள்வி: இலங்கை அரசியலமைப்பு பற்றிய அக்காவின் பழைய குறிப்பு 20ஆவது திருத்தத்தோடு நின்றுவிட்டது. "21ஆவது திருத்தம் 19ஐ மீளக் கொண்டுவந்தது" என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா? (கலைப்பீட மாணவி, கிளிநொச்சி)

போதாது. புள்ளி போகிற இடமே அந்த ஒரு வரிதான். 2022 ஒக்டோபரில் வந்த 21, 19இலிருந்து சிலவற்றைத்தான் மீட்டது. உயர் பதவி நியமனங்களைக் கவனிக்கும் அரசியலமைப்புப் பேரவை திரும்பியது. இரட்டைக் குடியுரிமையாளர் தேர்தலில் நிற்பதற்கான தடையும் திரும்பியது. பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் அப்படியல்ல. 19இன்படி சனாதிபதி நாலரை ஆண்டு பொறுக்க வேண்டும். 20 அதை இரண்டரையாக்கியது, 21 அதில் கைவைக்கவில்லை. சனாதிபதியின் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும் இரண்டு தவணை வரம்பையும் 20கூடத் தொடவில்லை என்பதையும் பலர் தவறவிடுகிறார்கள்.

கொப்பியில் ஒரு அட்டவணை போடுங்கள். மேலே 1978 மூல அரசியலமைப்பு, 19, 20, 21; பக்கத்தில் பேரவை, குடியுரிமை, கலைப்பு, பதவிக்காலம். இன்னொரு பொறி: 21ஆவது திருத்தமாக நிறைவேறிய சட்டமூலம் வர்த்தமானியில் 22ஆவது திருத்தம் என்ற பெயரில்தான் வந்தது. அந்த மாதங்களின் பத்திரிகைச் செய்தியை அப்படியே எடுத்தெழுதினால் இலக்கம் பிழைக்கும்.

கேள்வி: 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் கால்வாசி வாக்கு எடுத்த தேசிய மக்கள் சக்திக்கு ஆறில் மூன்று ஆசனம். விகிதாசாரம் என்கிறார்கள், கணக்கு எங்கே இடிக்கிறது? (இரண்டாமாண்டு மாணவர், சாவகச்சேரி)

கணக்கு இடிக்கவில்லை, படிகளைத்தான் பாடநூல்கள் அவசரமாகத் தாண்டுகின்றன. எண்களைக் கிட்டத்தட்டவே தருகிறேன்.

செல்லுபடியான வாக்குகள் 3,25,000 அளவில். அதில் 5 வீதம், ஏறத்தாழ 16,300, எடுக்காத கட்சிகளை முதலில் வெட்ட வேண்டும். ஐக்கிய மக்கள் சக்தி 15,300 அளவில் நின்றதால் வெளியே போனது. மிஞ்சியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,800, தமிழரசுக் கட்சி 63,300, தமிழ்க் காங்கிரஸ் 28,000, சுயேச்சைக் குழு (இலக்கம் 17) 27,900, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,500, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈபிடிபி) 17,700. கூட்டினால் 2,40,200.

அடுத்தது போனஸ். மாவட்டத்தில் கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு ஆசனம் நேராகப் போய்விடும். மீதி ஐந்து. ஆகவே 2,40,200ஐ ஆறால் அல்ல, ஐந்தால் பிரிக்க வேண்டும். விடைத்தாள்களில் அதிகம் பிழைப்பது இந்த இடம். வருவது 48,040, ஒரு முழு ஆசனத்துக்கு வேண்டிய வாக்கு அது. முதல் இரு கட்சிகளும் அதைத் தாண்டியதால் ஆளுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. அவற்றை மீதி வாக்குகளின் வரிசையில் கொடுப்பார்கள்: தேசிய மக்கள் சக்தியிடம் 32,760, தமிழ்க் காங்கிரஸிடம் 28,000, சுயேச்சைக் குழுவிடம் 27,900. தமிழரசின் மீதி 15,260தான் என்பதால் ஒன்றோடு நிற்கிறது.

ஆக தேசிய மக்கள் சக்தியின் மூன்றில் ஒன்று போனஸ், ஒன்று 48,040ஐத் தாண்டியதற்கு, ஒன்று மீதி வாக்குக்கு. மற்ற வாக்குகள் பல கட்சிகளுக்குச் சிதறியதும் பெரிய காரணம். 2020இல் ஏழாக இருந்த ஆசனம் ஆறாகக் குறைந்ததையும் ஒப்பிடும்போது எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க எடுத்தது 42.31 வீதமா, 55.89 வீதமா? (உயர்தர மாணவி, வவுனியா)

இரண்டும் சரி, வகுத்த எண்தான் வேறு. 42.31 முதல் எண்ணிக்கை. ஒருவரும் பாதியைத் தாண்டாததால் வரலாற்றில் முதற்தடவையாக விருப்பு வாக்கு (வாக்காளர் இரண்டாவது, மூன்றாவதாகக் குறித்த தெரிவு) எண்ணப்பட்டது. அதன்பின் அவருக்கு 57,40,179, சஜித் பிரேமதாசவுக்கு 45,30,902. இந்த இருவரின் கூட்டுத்தொகைக்குள் மட்டும் பார்த்தால் 55.89. செல்லுபடியான எல்லா வாக்குகளோடும் பார்த்தால் 43 வீதத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டாம் எண்ணிக்கையில் எல்லா வாக்குகளிலும் பாதி தேவையில்லை, மற்றவரைவிடக் கூடுதலாக இருந்தால் போதும்.

கேள்வி: "2024இல் யாழ் இளைஞர்கள் ஏன் தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்தார்கள்" என்று இறுதியாண்டு ஆய்வேடு எழுதலாமா? (சிறப்புக் கற்கை மாணவர், யாழ்ப்பாணம்)

இந்தத் தலைப்போடு போனால் விரிவுரையாளர் முதல் நாளே கேட்பார்: இளைஞர்தான் வாக்களித்தார்கள் என்று எப்படித் தெரியும்? தேர்தல் முடிவில் வயது இல்லை, இடம்தான் இருக்கிறது. "2020க்கும் 2024க்கும் இடையில் கட்சிகளின் பங்கு எந்தத் தொகுதிகளில் எவ்வளவு நகர்ந்தது" என்று முதலில் கேளுங்கள். பிறகு மிக அதிகமாக நகர்ந்த ஒரு தொகுதியில் நேர்காணலுக்கு இறங்கலாம்.

தரவில் இரண்டு கண்ணி. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கும், நிர்வாக மாவட்டக் குடித்தொகையோடு கலந்தால் வீதமெல்லாம் குழம்பும். தபால் வாக்கு எந்தத் தொகுதியிலும் சேராமல் தனியாக வெளியாகும். அதற்குத் தனி வரிசை இல்லாவிட்டால் கூட்டுத்தொகை பொருந்தாது.

நேர்காணலில் "ஏன்" என்று தொடங்காதீர்கள். முடிவு தெரிந்தபின் வென்றவருக்கே போட்டதாகச் சொல்பவர்கள் எங்கும் உண்டு. முந்தைய தேர்தலில் என்ன செய்தார், எந்தக் கூட்டத்துக்குப் போனார், வேட்பாளர் பெயரை எப்போது கேள்விப்பட்டார் என்று நடந்ததைக் கேளுங்கள், காரணம் பின்னால் வரட்டும். பதிவில் பெயர் வேண்டாம், இலக்கம் போடுங்கள். எந்த இலக்கம் யார் என்ற தாளை ஒலிப்பதிவு இருக்கும் தொலைபேசியிலோ மடிக்கணினியிலோ வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.